நாற்பத்திரண்டு வீட்டுத் தட்டு

மந்திரி மருதப்பனின் மேசைக்கு மேலே சுவரில் ஒரு பலகை தொங்கியது. "இந்த மேசையில் காகிதம் மட்டும்" என்று நான்கு மொழிகளில் எழுதியிருந்தது. கையெழுத்து அவருடைய செயலாளர் லீலாவுடையது. விதி மந்திரியுடையது.

டன்லப் ஸ்திரீட்டில் ஒரு காகிதக் கடைக்கு மேலே இருந்தது அந்த மாடி அறை. திங்களும் வியாழனும் மாலை ஐந்து மணிக்கு மந்திரி அங்கே தொகுதி மக்களைச் சந்திப்பார். வருகிறவர்கள் சும்மா வருவார்களா? பெரிய மனிதரைப் பார்க்கக் கையை வீசிக்கொண்டு போவது நம்மவர்களுக்குப் பழக்கமில்லாத காரியம். வாழைப்பழம் சீப்புச் சீப்பாக வந்தது. பிஸ்கட் டின் வந்தது. ஒருமுறை கால் கட்டிய சேவல் ஒன்று உயிரோடு வந்து, கட்டை அவிழ்த்துக்கொண்டு, கோப்புகளின் மேல் ஏறி நின்று கூவியது. அன்று மாலையே லீலா பலகையை எழுதி மாட்டிவிட்டாள்.

மந்திரி அதில் கண்டிப்பாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. அவருக்கு முன்னால் அந்தத் தொகுதியில் இருந்தவர் வெற்றிலையில் ஆரம்பித்துக் குளிர்பெட்டியில் முடித்தவர் என்பது தேக்கா வட்டாரம் முழுக்கத் தெரியும். "எனக்கு எதையும் குடுத்து எதையும் வாங்க முடியாது, உங்களுக்குச் சேர வேண்டியது குடுக்காமலே வந்து சேரும்" என்று சொல்லித்தான் மருதப்பன் ஜெயித்தார். நாடு தனி நாடாகி ஓராண்டு ஆகியிருந்தது. நிலமும் வீடும் அவருடைய இலாகா. இந்த ஊரில் அதைவிடத் தலைவலியான இலாகா கிடையாது. எல்லாருக்கும் வீடு வேண்டும், ஆனால் யாரும் இருக்கிற இடத்தைவிட்டு நகரமாட்டார்கள்.

லீலாவுக்கு இருபத்தாறு வயது. கான்வென்டில் படித்தவள், நிமிடத்துக்குத் தொண்ணூறு சொல் தட்டச்சு அடிப்பவள். அந்த விதியை மந்திரியைவிட அவள்தான் அதிகமாக நேசித்தாள். அதிலும் தட்டில் வைத்து எதையாவது நீட்டினால் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும். அதற்குக் காரணம் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது கால்வாய்க்கரைக்கு வருவோம்.

தேக்கா பாசார் சந்தைக்குப் பின்னால் கால்வாயை ஒட்டி நாற்பத்திரண்டு பலகை வீடுகள் இருந்தன. துறைமுகத்திலும் நகராட்சியிலும் வேலை பார்த்த குடும்பங்கள். மழை வலுத்தால் தண்ணீர் கட்டில் கால்வரை ஏறும், பிள்ளைகளை மேசைமேல் உட்கார வைப்பார்கள். கால்வாயை அகலப்படுத்த வேண்டும் என்பது அரசாங்கத்தின் முடிவு. அங்கிருக்கும் குடும்பங்களுக்குக் குவீன்ஸ்டவுன் பேட்டையில் அடுக்குமாடி ஃபிளாட். புல்டோசரை அனுப்பினால் இரண்டு நாளில் முடியும் என்று சிலர் சொன்னார்கள். மருதப்பன் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று அதை மறுத்தார்.

"கையெழுத்து இல்லாமல் ஒரு பலகையைக்கூடக் கழற்றமாட்டேன். அக்டோபர் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் நாற்பத்திரண்டு குடும்பங்களின் சம்மதமும் வந்து சேரும். வராவிட்டால் இந்த இலாகாவை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்."

அந்த வேறொருவர் எதிர்வரிசையில் அல்ல, அதே வரிசையில் மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கையெழுத்தில் நம்பிக்கை இல்லை, இயந்திரத்தில் இருந்தது. ஆகவே அந்த வெள்ளிக்கிழமை ஒரு மந்திரியின் வேலைக்கு மட்டுமான கெடு இல்லை. வீட்டைவிட்டு மனிதர்கள் தாங்களே நடந்து போவார்களா, இழுத்துப் போகப்படுவார்களா என்பதற்கும் அதுதான் கெடு.

மந்திரி கால்வாய்க்கரைக்கு மூன்று முறை போனார், வீடு வீடாக. ஒவ்வொரு வீட்டிலும் சம்மதப் படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். அம்மியை எங்கே போடுவது, ஏழாவது மாடியிலிருந்து பிணத்தை எப்படி இறக்குவது என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் எல்லாரும் கை காட்டியது ரத்தினம்மாவை. துறைமுகத்து ஆட்களுக்குச் சாப்பாட்டுக் கடை நடத்துபவள். நாற்பத்தைந்து வயது. அவள் தலையை ஆட்டினால் நாற்பத்திரண்டு வீடும் தலையை ஆட்டும்.

அவளை மந்திரி குவீன்ஸ்டவுனுக்கு அழைத்துப் போனார். ரத்தினம்மா லிஃப்டில் நான்கு தடவை ஏறி இறங்கிப் பார்த்தாள்.

"கரண்டு போச்சுன்னா?"

"படி இருக்கு."

"எத்தனை படி?"

"நூத்திப் பன்னெண்டு," என்றார் மந்திரி.

எண்ணிப் பார்த்திருக்கிறாரே என்று ரத்தினம்மாவுக்கு அவர்மேல் ஒரு மதிப்பு விழுந்தது. ஆனாலும் வாயைத் திறந்து சரி என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்றாள்.

அக்டோபர் ஆறாம் தேதி வியாழக்கிழமை. நாடாளுமன்றக் கூட்டம் நீண்டுவிட்டதால் மந்திரி இன்னும் வரவில்லை. ஐந்தேகால் மணிக்கு ரத்தினம்மா படியேறி வந்தாள். நல்ல சேலை, நெற்றி நிறையக் குங்குமம். பின்னால் அவள் கணவரும் இன்னும் மூன்று பேரும். அவள் கையில் ஒரு பித்தளைத் தாம்பாளம், மேலே மஞ்சள் துணி போர்த்தியிருந்தது.

"ஐயா இல்லியா?"

"இன்னும் வரலக்கா. உக்காருங்க."

"எங்க உக்கார்றது தங்கச்சி, ஆறு மணிக்கு ஆளுங்க சாப்பிட வந்துருவாங்க. நல்ல நேரத்துல வெச்சாச்சு. ஐயா வந்ததும் அவர் கையிலயே குடுத்துரு."

பலகைக்கு நேர் கீழே, மேசையின் நடுவில் தாம்பாளத்தை வைத்து, அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஐந்து பேரும் இறங்கிப் போய்விட்டார்கள். துணியின் ஓரத்தில் வெற்றிலைக் காம்புகள் எட்டிப் பார்த்தன. நடுவில் தேங்காயின் மேடு தெரிந்தது. லீலா அதை ஒரு நிமிடம் முறைத்தாள். அன்பளிப்பைத் தொட்டுப் பார்ப்பதுகூடத் தப்பு என்பது அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட உபவிதி. அதனால் துணியைத் தூக்கவில்லை. "அன்பளிப்பு வாங்குவதில்லை. அன்புக்கு நன்றி" என்று அச்சடித்து வைத்திருந்த சீட்டு ஒன்றில் ரப்பர் முத்திரையைக் குத்தி, துணியின் மடிப்பில் செருகினாள். மந்திரியின் காரோட்டி யாக்கூப் அவரை நாடாளுமன்றத்தில் இறக்கிவிட்டு வந்து ஆபீசில்தான் இருந்தார்.

"யாக்கூப் அண்ணே, இதைக் கால்வாய்க்கரையில ரத்தினம்மா அக்காகிட்ட திருப்பிக் குடுத்துட்டு வந்துருங்க."

யாக்கூப் தூக்கிப் பார்த்தார். "என்னா கனம் லா."

"தேங்காயா இருக்கும்."

"ஐயா வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே."

"கேக்க என்ன இருக்கு? மேல எழுதியிருக்கு பாருங்க."

யாக்கூப் மேலே பார்த்தார். எழுதித்தான் இருந்தது. போய்விட்டு அரைமணி நேரத்தில் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. வாங்கிக்கிட்டாங்க. கோப்பி குடிக்கிறியான்னுகூடக் கேக்கல."

ரத்தினம்மா வாசலில் போய் நின்றவரிடம் கோப்பி வேண்டுமா என்று கேட்கவில்லை என்றால் அது சாதாரண விஷயம் இல்லை. லீலாவுக்கு அது உறைக்கவில்லை. ஆறரைக்கு மந்திரி வந்து, ஏதாவது உண்டா என்று கேட்டபோது, ஒன்றுமில்லை சார் என்றாள். பொய் சொல்லும் எண்ணம் அவளுக்கு இல்லை. அன்றாடம் நடக்கிற ஒன்றைச் சொல்வானேன் என்று விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை மாலை மாடிப்படியில் கூட்டம் நின்றது. கால்வாய்க்கரையிலிருந்து ஒரு ஆள் இல்லை. வீடமைப்புக் கழகத்திலிருந்து குறிப்பு வந்தது: வந்து சேர்ந்த படிவங்கள், பூஜ்யம். மந்திரி அதை இரண்டு முறை படித்தார். வெள்ளிக்கிழமைக்கு நான்கே நாள்.

"போன வாரம் அந்த அம்மா முகம் நல்லாத்தானே இருந்துச்சு," என்றார். "என்ன ஆச்சுன்னு போய்ப் பாரு, லீலா."

செவ்வாய் காலை லீலா போனாள். ரத்தினம்மா பெரிய வாணலியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

"வாங்க, ஆபீசம்மா."

போன வாரத்து 'தங்கச்சி' எங்கே போயிற்று என்று லீலாவுக்குத் திக்கென்றது.

"அக்கா, வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணியோட..."

"தெரியும்."

"ஒரு வீட்டு ஃபாரம்கூட வரலியேக்கா."

"நாங்க சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு. நீங்களும் பதில் அனுப்பியாச்சு. இனிமே என்ன பேச்சு?"

"நான் என்னக்கா பதில் அனுப்பினேன்?"

ரத்தினம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் லீலாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சம்பந்தம் வேணும்னு ஒரு வீட்ல தட்டு வெச்சா, வாங்கிக்கிட்டா சரின்னு அர்த்தம். திருப்பி அனுப்புனா வேணாம்னு அர்த்தம். நாப்பத்திரெண்டு வீடும் சேந்து வெச்ச தட்டு அது. போன மாதிரியே திரும்பி வந்துச்சு. பொண்ணு வீட்டுக்குத் தட்டு திரும்பி வந்தா அந்த வீடு எப்படி இருக்கும்னு ஒங்களுக்கு எங்க தெரியப்போவுது, ஆபீசம்மா."

லீலாவுக்குத் தெரியும். பிறகு சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளைப் பெண் பார்த்து, தட்டை வாங்கிப் போன டோபி காட் பக்கத்து மாப்பிள்ளை வீட்டார், பத்தாம் நாள் அதைத் திருப்பி அனுப்பினார்கள். பெண் வேலையை விடமாட்டேன் என்கிறாள், அதுதான் குற்றம். அவள் அம்மா அந்தத் தட்டைச் சமையலறை அலமாரியில் வைத்தாள். அதிலிருந்த வாழைப்பழம் கறுத்து ஒழுகும்வரை வீட்டில் யாரும் அதைத் தொடவில்லை. அப்பா ஒரு மாதம் கோயிலுக்குப் போகவில்லை, நாலு பேர் கேட்பார்கள் என்று. அன்றிலிருந்துதான் தட்டைக் கண்டால் லீலாவுக்கு ஆகாது. அப்படிப்பட்டவள் அதே காரியத்தை நாற்பத்திரண்டு வீட்டுக்குச் செய்திருக்கிறாள். அதுவும் ரப்பர் முத்திரை குத்தி, அன்புக்கு நன்றி என்று.

சிராங்கூன் ரோட்டில் நடந்து வரும்போது வெட்கத்தில் அவள் முகம் எரிந்தது. அழுகையும் வந்தது. டிராபிக் புழுதியைச் சாக்கு வைத்துக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டாள். ஆனால் லீலா உட்கார்ந்து அழுகிற ஜாதி இல்லை. தேக்கா சந்திப்புக்கு வருவதற்குள் அழுகை நின்று, என்ன செய்யலாம் என்ற யோசனை தொடங்கிவிட்டது.

புதன்கிழமை காலை மந்திரியிடம் எல்லாவற்றையும் சொன்னாள், தன் வீட்டு அலமாரியில் கறுத்த பழத்தைத் தவிர. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"விதிப்படி செஞ்சேன்னு நெனச்சேன் சார்."

"ம்." மேசையை விரலால் தட்டினார். "விதி என்னோடது. அதைக் காப்பாத்தினவளைத் திட்டினா, நாளைக்கு எவன் காப்பாத்துவான்? விடு."

"இப்பப் போய் அந்தத் தட்டை வாங்கிக்கலாமா சார்?"

"முடியாது," என்றார் உடனே. "இன்னைக்கு வெத்தலை வாங்குவேன். நாளைக்குப் பழம் வரும். தீபாவளிக்கு வேட்டி வரும். அதுக்குள்ள என்ன இருக்குன்னு எவனும் கேக்கமாட்டான், மருதப்பன் தட்டு வாங்கினான்னு மட்டும் பேசுவான். இலாகா போனாப் போகட்டும் லீலா. அந்த விதி போச்சுன்னா, நாளைக்கு வீடு கேட்டு வர்ற ஒவ்வொரு ஏழையும் கையில எதையாவது தூக்கிட்டு வரணும்."

லீலா இதை எதிர்பார்த்திருந்தாள். இதற்காகத்தான் முந்தின நாள் பஸ் ஏறாமல் யோசித்துக்கொண்டே இரண்டு மைல் நடந்தாள்.

"நீங்க வாங்க வேணாம் சார். மாத்திக்குங்க."

"என்னது?"

"நிச்சயத்துல ரெண்டு வீடும் தட்டு மாத்திக்கிறாங்க இல்ல? அதுல யாரு யாருக்கு அன்பளிப்பு குடுக்குறாங்க? நம்ம தட்டு அங்க போவுது, அவங்க தட்டு இங்க வருது. அவங்க வெத்தலை வெச்சா நாமளும் வெத்தலை. அவங்க தேங்காய்ன்னா நாமளும் தேங்காய். வாங்கினதும் அங்கயே பிரிச்சு எல்லாருக்கும் குடுத்துரலாம். உங்க வீட்டுக்கு ஒரு பாக்குகூடப் போகாது. நம்ம தட்டுல நாப்பத்திரெண்டு புது ஃபாரம் வெச்சுக் குடுப்போம். பழசைக் கோவத்துல கிழிச்சிருப்பாங்க."

மருதப்பன் அவளை ஒரு வினாடி உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பல மாதத்துக்குப் பிறகு அந்த அறையில் கேட்ட சிரிப்பு அது, கீழே காகிதக் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று அண்ணாந்து பார்த்தாராம்.

"பட்டப்பகல்ல, தெருவுல வெச்சுத்தான் மாத்துவேன்," என்றார். "தட்டு சாமான் என் காசு. அரசாங்கக் காசுல ஒரு வெத்தலை வாங்கக் கூடாது."

"நாளைக்கு வியாழன் சார்," என்றார் கதவருகே நின்ற யாக்கூப். "ஒன்றரைக்கு ராகு காலம். பத்து மணிக்கே முடிச்சுக்கிட்டா நல்லது." ஆறு வருஷமாக மருதப்பனுக்குக் கார் ஓட்டியதில் பஞ்சாங்கம் அவருக்கு மனப்பாடம்.

வியாழன் காலை பத்து மணிக்கு மந்திரியின் கார் கால்வாய்ப் பாலத்தருகே நின்றது. முன்னால் மருதப்பன், வேட்டி சட்டையில். பின்னால் லீலா, கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், இரண்டு சீப்பு வாழைப்பழம், தேங்காய், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டுக் காகிதம். ஆபீசுக்குப் போகிற சேலையை விட்டுவிட்டு அவள் அன்று பட்டுக் கட்டியிருந்தாள். அந்தப் பட்டு மூன்று வருஷமாகப் பெட்டியைவிட்டு வெளியே வராதது.

சாப்பாட்டுக் கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. துறைமுகத்தில் இரவுப் பாளி வேலை முடித்து வந்த ஆண்கள், கைக்குழந்தையோடு பெண்கள், பாலத்தின் கைப்பிடியில் ஏறி உட்கார்ந்த பிள்ளைகள். யாரும் வாங்க என்று சொல்லவில்லை. ரத்தினம்மா வெளியே வந்து, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, தட்டையும் லீலாவின் பட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

லீலா ஓரடி முன்னால் வந்தாள். "அக்கா, அன்னைக்குத் தட்டைத் திருப்பினது நான். ஐயாவுக்குத் தெரியாது. எங்க வீட்டுக்கும் ஒருதடவை தட்டு திரும்பி வந்துச்சு. தெரிஞ்சிருந்தும் செஞ்சுட்டேன். மன்னிச்சுக்குங்க."

மந்திரியே திரும்பி அவளைப் பார்த்தார். இது அவருக்கும் புதுச் செய்தி.

"ஐயா தட்டு வாங்கமாட்டாரு," என்று தொடர்ந்தாள். "யாருகிட்டயும் வாங்கமாட்டாரு. ஆனா மாத்திக்க வந்திருக்காரு."

ரத்தினம்மா திரும்பி உள்ளே போனாள். போனவள் வருவாளா மாட்டாளா என்று லீலாவுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அதே பித்தளைத் தாம்பாளத்தோடு, அதே மஞ்சள் துணியோடு அவள் வெளியே வந்தாள். ஆனால் நீட்டவில்லை, இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றாள்.

"மாத்துறதுக்கு முன்னாடி பேச வேண்டியதைப் பேசிரணும். அதான் முறை."

"பேசுங்க," என்றார் மந்திரி.

"நாப்பத்திரெண்டு வீடும் ஒரே புளோக்ல, ஒரே கட்டடத்துல வேணும். ஒரே மாடின்னா இன்னும் நல்லது. பழகினவங்க நாங்க."

லீலா கண்ணை மூடிக்கொண்டாள். வீடுகள் குலுக்கலில்தான் கொடுக்கப்பட்டன. அந்தக் குலுக்கலைக் கொண்டு வந்ததே மந்திரிதான். இந்த இடத்தில் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை முடியும், கெடு தப்பும். முன்பு இருந்தவர் என்றால் கூசாமல் சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

"முடியாது," என்றார் மருதப்பன்.

முணுமுணுப்பு எழுந்தது. அவர் குரலை உயர்த்தாமல் பேசினார்.

"குலுக்கல்ல எந்த வீடு வருதோ அதுதான். உங்களுக்காக ஒரு மாடியை ஒதுக்கினா, நாளைக்கு என் மச்சான் வந்து நிப்பான், அவனுக்கு ஒண்ணு ஒதுக்கணும். என் கை அந்தக் குலுக்கல் பெட்டிக்குள்ள போகாது. ஒரே பேட்டைக்குள்ளதான் எல்லாரும் இருப்பீங்க, கூப்பிடு தூரம். அதை மட்டும் சொல்ல முடியும். அப்புறம் லிஃப்ட் நின்னுச்சுன்னா ஆள் அனுப்புங்க. நூத்திப் பன்னெண்டு படியும் ஏறி வந்து நான் பதில் சொல்றேன்."

ரத்தினம்மாவின் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"கேட்டுப் பாத்தேன்," என்றாள். "இந்தக் கால்வாய்க்கரையில இருபது வருஷமா எத்தனையோ பேரு வந்து நின்னாங்க. கேட்டதுக்கெல்லாம் சரின்னாங்க. முடியாதுன்னு சொல்ற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன். புடிங்க."

தாம்பாளம் மருதப்பன் கைக்கு வந்தது. லீலாவின் தட்டு ரத்தினம்மா கைக்குப் போனது. பெண்கள் குலவையிட்டார்கள். பாலத்தின் மேல் இருந்த பிள்ளைகள் எதற்கென்று தெரியாமலே கை தட்டினார்கள்.

ரத்தினம்மா தனக்கு வந்த தட்டைப் பார்த்தாள். "இந்தக் காயிதம் எதுக்கு?"

"புது ஃபாரம்க்கா. எல்லாரும் கையெழுத்துப் போட."

"இன்னொருக்கா எதுக்குப் போடணும்?" என்று கேட்டுவிட்டு, மந்திரியின் கையிலிருந்த தாம்பாளத்தின் மஞ்சள் துணியை விலக்கினாள். "அன்னைக்கு வெச்ச தட்டுதான் இது. வெத்தலையும் பழமும் மட்டும் வாடிப்போச்சுன்னு இப்பத்தான் மாத்தினேன், பாலத்துல கார் நின்னதைப் பாத்துட்டு. மத்தது அப்படியேதான் இருக்கு. கிழிச்சுப் போடலாம்னுதான் ஆம்பளைங்க சொன்னாங்க. தண்ணி ஏறுறப்போ புள்ளைங்க மேசைமேல உக்காந்திருக்கிறதை நெனச்சுக்கிட்டேன். கை வரல."

வெற்றிலைக்கு அடியில், தேங்காயை ஒருபுறம் தள்ளியதும், கனமாக ஒரு கட்டு இருந்தது. நூலால் கட்டியிருந்தார்கள். மருதப்பன் முதல் தாளை எடுத்தார். சம்மதப் படிவம். கீழே ரத்தினம்மாவின் பெருவிரல் ரேகை, பக்கத்தில் அவள் கணவரின் கோணல் எழுத்து. அடுத்த தாள், அதற்கடுத்த தாள். சிலர் தமிழில் எழுதியிருந்தார்கள், சிலர் ரேகை வைத்திருந்தார்கள். நாற்பத்திரண்டிலும் ஒரே தேதி. அக்டோபர் ஆறு, 1966.

லீலா அந்தத் தேதியைப் பார்த்தாள். என்னா கனம் லா என்று யாக்கூப் சொன்னது அவள் காதில் மறுபடி கேட்டது. ஒரு வாரமாக அவள் தேடி அலைந்த சம்மதம், அவள் மேசையின் நடுவில், அவள் எழுதிய பலகைக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்திருந்தது. அதைத்தான் அவள் துணிகூட விலக்காமல் திருப்பி அனுப்பினாள்.

மந்திரி தாள்களிலிருந்து தலையைத் தூக்கினார்.

"லீலா, நம்ம விதி என்ன?"

"மேசையில் காகிதம் மட்டும்," என்றாள்.

"இது என்ன?"

"காகிதம் சார்."

மந்திரி கட்டை அவள் கையில் கொடுத்தார். தாம்பாளத்திலிருந்த பழத்தை அங்கேயே பிய்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னார். தேங்காயை யாக்கூப் பாலத்துக் கல்லில் ஒரே போடாகப் போட்டு உடைத்துப் பங்கு வைத்தார். எழுதாத நாற்பத்திரண்டு படிவத்தையும் மந்திரி மறக்காமல் திருப்பி வாங்கிக்கொண்டார். அரசாங்கக் காகிதம், வீணாக்கக் கூடாதாம்.

கிளம்பும்போது ரத்தினம்மா இரண்டு வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, பாக்கும் சுண்ணாம்பும் வைத்து மடித்து லீலாவிடம் நீட்டினாள்.

"இந்தா தங்கச்சி. போட்டுக்க."

லீலா மந்திரியைப் பார்த்தாள். மந்திரி கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. லீலா வெற்றிலையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமைவரை காத்திருக்க அவள் தயாராக இல்லை. நேராக வீடமைப்புக் கழகத்துக்குப் போய், நாற்பத்திரண்டு தாளையும் கவுண்டரில் வைத்தாள். பதினொன்றரை மணி. கெடுவுக்கு முழுசாக ஒரு நாள் மிச்சம். கவுண்டரில் இருந்த குமாஸ்தா நிதானமான ஆள். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார், தேதியைப் பார்த்தார், மறுபடி முதல் தாளுக்குப் போய்த் தேதியைப் பார்த்தார். பிறகு எதிரே பட்டுச் சேலையும் சிவந்த வாயுமாக நின்ற மந்திரியின் செயலாளரைப் பார்த்தார்.

"எல்லாம் போன வியாழக்கிழமையே கையெழுத்தாயிருக்கே. அப்புறம் ஏன் இத்தனை நாள்?"

"தட்டைத் திறக்க எனக்கு ஒரு வாரம் ஆச்சு," என்றாள் லீலா.